ஏபிக்குக் கேட்டது, ஸ்கேனருக்குக் கேட்கவில்லை: தி. நகர் ஜவுளிக்கடை வைஃபை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

கடையும் புகாரும்

தி. நகரில் உஸ்மான் சாலையை ஒட்டிய ஒரு ஜவுளிக்கடை. தரைக்குக் கீழே குடோன், மேலே தரைத்தளத்தையும் சேர்த்து ஆறு தளங்கள். நடுவில் தரையிலிருந்து கூரைக் கண்ணாடி வரை திறந்தவெளி. அதைச் சுற்றி எஸ்கலேட்டர், அதற்குப் பின்னால் வரிசை வரிசையாக இரும்பு ரேக், ரேக் நிறையத் துணி. வைஃபை சிக்னலைத் தரும் ஏபிகள் (அக்சஸ் பாயின்ட்) முப்பதுக்குச் சற்று மேல், எல்லாவற்றையும் கட்டுப்படுத்த ஒரு கன்ட்ரோலர். எந்த அலைவரிசையில் பேசுவது (சேனல்), எவ்வளவு சத்தமாகப் பேசுவது (பவர்) இரண்டும் ஆட்டோ, அதாவது கன்ட்ரோலரே முடிவு செய்யும்.

விற்பனைப் பிரிவில் இருக்கும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஸ்கேனர். வாடிக்கையாளர் புடவையைத் தேர்ந்தெடுத்ததும் பார்கோடை அடித்துச் சீட்டுப் போடுவார்கள். அந்தச் சீட்டு எண் பில்லிங் கவுன்டருக்குப் போகும். பணம் கட்டிவிட்டு டெலிவரி கவுன்டரில் பையை வாங்கிக்கொள்ள வேண்டும். சீட்டு ஏறவில்லை என்றால் அதற்குப் பின்னால் இருக்கும் அத்தனையும் நிற்கும். ஒரு சீட்டுக்கு ஆகும் டேட்டா வாட்ஸ்அப்பில் நாலு வரி அனுப்புகிற அளவுதான். ஆகவே இந்தக் கடைக்கு வேகம் ஒரு பொருட்டே இல்லை, இணைப்பு அறுந்துபோகாமல் இருந்தால் போதும்.

அதுதான் அறுந்துகொண்டிருந்தது. காலையில் கடை திறக்கும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கும். சாயங்காலம் கூட்டம் ஏற ஏற ஸ்கேனர் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். இரண்டாம் தளத்துப் பட்டுப் பிரிவில் மிக மோசம். முகூர்த்த நாட்களுக்கு முந்தைய வார இறுதியில் சொல்லவே வேண்டாம். அந்தத் தளத்தின் சூப்பர்வைசர் எங்களிடம் சொன்னது: "சார், நீங்க வர்ற நேரத்துல எல்லாம் நல்லாத்தான் ஓடும். ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கு வந்து பட்டு செக்‌ஷன்ல நில்லுங்க, அப்புறம் பேசுங்க." அவர் சொன்னதுதான் இந்த வேலையில் கிடைத்த மிக நல்ல தகவல். வைஃபை சர்வேயைக் கடை காலியாக இருக்கும்போது செய்வதுதான் எல்லோருக்கும் வசதி. இங்கே பிரச்சினையே காலியாக இல்லாதபோதுதான் வந்தது.

நாங்கள் போவதற்கு முன்பே கடைக்காரர்கள் சிலவற்றைச் செய்து பார்த்திருந்தார்கள். இன்டர்நெட் லைனைப் பெரிதாக்கியிருந்தார்கள். பில்லிங் சர்வர் கட்டடத்துக்குள்ளேயே இருப்பதால் அதனால் ஒன்றும் ஆகவில்லை. வாசலில் நிற்கும் திருட்டுத் தடுப்பு கேட் மேல் முதலாளிக்கு ஒரு சந்தேகம். அந்த கேட்டுகள் வேலை செய்வது 8.2 மெகாஹெர்ட்ஸில் அல்லது 58 கிலோஹெர்ட்ஸில். வைஃபை இருப்பது 2.4, 5 கிகாஹெர்ட்ஸில். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று சொல்லிப் புரியவைத்தோம். கேட்டை அணைத்தும் காட்டினோம், ஏனென்றால் வெறும் விளக்கத்தில் சமாதானமாகும் முதலாளி அவர் இல்லை.

கடையின் ஐடி பையன் செய்தது இதைவிடக் கவனிக்க வேண்டியது. ஆட்டோவை அணைத்துவிட்டு எல்லா ஏபிகளிலும் பவரை உச்சத்தில் வைத்து, சேனலையும் கையால் பூட்டியிருந்தார். கவரேஜ் படத்தில் கட்டடம் முழுக்கப் பச்சை. ஸ்கேனரிலும் எல்லாக் கோடும் நிறைந்து தெரிந்தது. ஆனால் சீட்டு முன்பைவிட மோசமாக நின்றது. காரணம் எளிது. சிக்னலின் பலத்தை டிபிஎம் என்ற அளவில் சொல்வார்கள், மைனஸில் எண் கூடக் கூடப் பலவீனம். ஏபி 20 டிபிஎம்மில் கத்தினால் ஸ்கேனருக்குக் கேட்கும். ஸ்கேனர் பதில் சொல்வது 15 டிபிஎம் அளவில், அதாவது ஏபியின் மூன்றில் ஒரு பங்கு பவரில், அதுவும் இடுப்பு உயரத்திலிருந்து. அந்தப் பதில் ஏபிக்குப் போய்ச் சேர வேண்டும். போகவில்லை. அதோடு, கீழ்த்தளத்தில் பிடித்த ஏபியையே ஸ்கேனர் நடுவெளி வழியாக மூன்றாம் தளம் வரை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தது. அவரும் இரண்டே வாரத்தில் எல்லாவற்றையும் பழையபடி ஆட்டோவுக்கு மாற்றிவிட்டார். ஆக, கையால் வைத்தாலும் தொல்லை, ஆட்டோவிலும் தொல்லை என்ற நிலையில்தான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

ஆட்டோ போடும் கணக்கு

கன்ட்ரோலர் எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. சிஸ்கோவில் இதை ஆர்ஆர்எம் என்பார்கள். அரூபாவில் முன்பு ஏஆர்எம், பிறகு ஏர்மேட்ச். வழிமுறையில் வேறுபாடு உண்டு, ஆனாலும் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: ஏபிகள் ஒன்றையொன்று எவ்வளவு சத்தமாகக் கேட்கின்றன, சுற்றிலும் வேறு யார் பேசுகிறார்கள் என்பதை வைத்து சேனலையும் பவரையும் முடிவு செய்வது. விளக்கத்துக்கு சிஸ்கோவின் எண்களைத் தருகிறேன், அந்தக் கணக்குதான் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது.

ஒவ்வொரு ஏபியும் குறிப்பிட்ட இடைவெளியில் எல்லாச் சேனலிலும் ஒரு சின்ன அறிமுகப் பாக்கெட்டை முழுப் பவரில் அனுப்பும். மற்ற ஏபிகள் அதைக் கேட்டு, இன்னாரை இத்தனை டிபிஎம்மில் கேட்டேன் என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும். பவர் கணக்கில் ஒரு ஏபிக்கு மிகச் சத்தமாகக் கேட்கும் அண்டை ஏபிகளில் மூன்றாவதை எடுத்துக்கொள்வார்கள். அந்த மூன்றாவது அண்டைக்குத் தன் சத்தம் -70 டிபிஎம் அளவில் கேட்டால் போதும் என்பது மாற்றாமல் விட்டால் இருக்கும் இலக்கு. அதற்கு மேல் கேட்டால் பவரைக் குறை, கீழே போனால் கூட்டு. அவ்வளவுதான்.

இதைக் கடையில் வைத்துப் பாருங்கள். ஏபிகளைப் பொருத்தியவர்கள் கேபிள் இழுக்க வசதியாக இருக்கிறது என்று பெரும்பாலானவற்றை நடுவெளியைச் சுற்றியுள்ள பீமில் வைத்திருந்தார்கள். எதிர்ப்பக்க பீமில் இருக்கும் ஏபி, மேல்தள ஏபி, கீழ்த்தள ஏபி எல்லாம் நேருக்கு நேர், நடுவில் காற்றைத் தவிர ஒன்றுமில்லை. மூன்றாவது அண்டை -50 டிபிஎம்மில் கேட்டது. ஏபியின் உச்ச பவர் 20 டிபிஎம், அதாவது 100 மில்லிவாட். இலக்கு -70. வித்தியாசம் 20. ஆகவே 20-லிருந்து 20 கழிக்க, வருவது 0 டிபிஎம், அதாவது ஒரே ஒரு மில்லிவாட். பவருக்குக் கீழ்வரம்பு எதுவும் போட்டிருக்கவில்லை. மாற்றாமல் விட்டால் அந்த இடத்தில் -10 என்று இருக்கும், அது இருந்தும் இல்லாததும் ஒன்றே. கருவி எவ்வளவு இறங்க முடியுமோ அவ்வளவு இறங்கி நின்றது.

கன்ட்ரோலர் திரையில் இது கண்ணில் படாமல் போனதற்கு ஒரு சில்லறைக் காரணமும் உண்டு. பவரை டிபிஎம்மில் காட்டாமல் லெவல் என்று காட்டும் திரை அது. லெவல் 1 என்றால் உச்சம், எண் கூடக் கூட ஒவ்வொரு படிக்கும் 3 டிபி குறையும், அதாவது பாதியாகும். வரிசையாக 7, 8 என்று இருந்ததைப் பார்த்து, பவர் நன்றாகத்தான் இருக்கிறது என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். இப்படி ஒரு தலைகீழ் அளவுகோலை யார் முதலில் யோசித்தார்களோ தெரியாது. ஐடி பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கணக்கில் தவறு இல்லை. கேட்ட கேள்விதான் வேறு. ஏபிகள் ஒன்றையொன்று கேட்பது கூரைக்கு அடியில், எல்லோருடைய தலைக்கும் மேலே. ஸ்கேனர் இருப்பது ரேக்குகளுக்கும் ஆட்களுக்கும் நடுவே. மொட்டை மாடியில் நின்று பேசிக்கொள்ளும் இரண்டு பேர், கீழே மார்க்கெட் கூட்டத்தில் நிற்பவனுக்கும் இதே சத்தம் போதும் என்று முடிவு செய்தால் எப்படி இருக்கும், அதேதான். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர். 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு ஆளைத் தாண்டும்போது 3 முதல் 5 டிபி வரை போய்விடும். முகூர்த்தப் புடவைக்கு ஒரு குடும்பமே திரண்டு வந்து கவுன்டரைச் சுற்றி நிற்கும். ஸ்கேனருக்கும் ஏபிக்கும் நடுவே நாலு பேர் இருந்தால் 15 டிபி கணக்கில் போயிற்று. காலையில் -62 டிபிஎம் காட்டிய அதே இடம் ஞாயிறு மாலை -77-க்கு இறங்கியது. ஆனால் ஏபிக்கு ஏபி கேட்கும் சத்தம் காலையும் மாலையும் ஒன்றே. கூட்டம் வந்ததையே ஆட்டோ பார்க்கவில்லை, பார்க்க அதற்கு வழியும் இல்லை.

வழியே இல்லை என்று சொன்னது முழுக்கச் சரியல்ல. கவரேஜ் ஓட்டை கண்டுபிடிக்கும் ஒரு பகுதியும் இந்த ஆட்டோவில் உண்டு. சில கருவிகளின் சிக்னல் தொடர்ந்து பலவீனமாக இருந்தால் அந்த ஏபியின் பவரை உயர்த்தும். கடையில் அது வேலை செய்தும் இருந்தது, தப்பான ஏபியில். மூன்றாம் தளத்துக்குப் போன பிறகும் தரைத்தள ஏபியை விடாமல் பிடித்திருந்த ஸ்கேனர்களைப் பார்த்து, ஐயோ ஓட்டை என்று தரைத்தள ஏபியின் பவரைக் கூட்டிக்கொண்டிருந்தது. அதனால் அந்த ஸ்கேனர்கள் இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டன.

மாலையில் இடம் மாறும் சேனல்

பவர் பாதிக் கதை. கன்ட்ரோலரின் பதிவுகளை நேரவாரியாக அடுக்கியபோது, சேனல் மாற்றங்கள் பெரும்பாலும் மாலை ஆறுக்கும் ஒன்பதுக்கும் இடையே குவிந்திருந்தன. கடைக்கு எந்த நேரத்தில் கை வைக்கக் கூடாதோ அதே நேரத்தில்.

சேனல் கணக்கு 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுவது மாற்றாமல் விட்ட அமைப்பு. ஒவ்வொரு ஓட்டத்திலும் நெரிசல், இரைச்சல், அந்நிய ஏபிகளின் குறுக்கீடு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மதிப்பெண் போட்டு, வேறு சேனலில் போதுமான லாபம் தெரிந்தால் மாற்றும். மாலையில் உஸ்மான் சாலையில் என்ன நடக்கும்? மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து பாண்டி பஜார் வரை நடக்கிறவர்களில் எத்தனையோ பேர் பையில் ஹாட்ஸ்பாட் ஓடும் செல்போன். பக்கத்துக் கடைகளின் ஏபிகளில் நெரிசல். கணக்குக்கு எல்லாமே அந்நியக் குறுக்கீடு. ஒரு ஹாட்ஸ்பாட் உள்ளே வந்து புடவை பார்த்துவிட்டு அரை மணியில் போய்விடும். அதற்குள் அதற்குப் பயந்து ஒரு ஏபி சேனல் மாறியிருக்கும், அது மாறியதால் அடுத்த ஏபியும் இடம் பெயர்ந்திருக்கும்.

இதெல்லாம் நவீன செல்போனுக்குப் பெரிய விஷயமில்லை. சேனல் மாறப்போகிறேன் என்று ஏபி முன்கூட்டி அறிவிக்கும், போனும் கூடவே மாறிக்கொள்ளும். கடையில் இருந்த ஸ்கேனர்களில் பாதி பழைய மாடல். அந்த அறிவிப்பை அவை பொருட்படுத்துவதே இல்லை. ஏபி காணாமல் போனதாக எண்ணி, எல்லாச் சேனலையும் ஒவ்வொன்றாகத் தேடி, திரும்ப இணைந்து, பில்லிங் மென்பொருளில் மறுபடி நுழைய வேண்டும். திரையில் சுற்றிய வட்டம் இதுதான்.

சேனல் அகலம் 80 மெகாஹெர்ட்ஸில் இருந்தது நிலைமையை இன்னும் கெடுத்தது. இந்தியாவில் 2018 அறிவிப்புக்குப் பிறகு 5150 முதல் 5350 வரையிலும், 5470 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் உரிமம் இல்லாமல் வைஃபை நடத்தலாம். 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வைத்தால் தாராளமாகச் சேனல் கிடைக்கும். 80 வைத்தால் ரேடார்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டிய பகுதியைத் தவிர்த்து மிஞ்சுவது இரண்டே இரண்டு: 36-ல் தொடங்கும் ஒன்று, 149-ல் தொடங்கும் ஒன்று. முப்பது ஏபிக்கு இரண்டு சேனல் என்றால் எந்தக் கணக்காலும் பிரித்துக் கொடுக்க முடியாது. நாலு வரி அளவுள்ள சீட்டுக்கு 80 எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, பெட்டியைத் திறந்தபோது இருந்தது அப்படியே இருந்துவிட்டது.

ரேடார் என்று ஒரு பதிவு

மேல் இரண்டு தளங்களின் பதிவுகளில் மட்டும் 'ரேடார் கண்டறியப்பட்டது' என்று அவ்வப்போது ஒரு வரி. 52 முதல் 64 வரையிலும் 100 முதல் 140 வரையிலும் உள்ள சேனல்களில் ஏபி ரேடாரின் துடிப்பைக் கேட்டால் 10 வினாடிக்குள் வெளியேற வேண்டும், 30 நிமிடம் அங்கே திரும்பக் கூடாது. போய்ச் சேரும் புதிய சேனலும் ரேடார் பகுதியைச் சேர்ந்ததாக இருந்தால் முதலில் 60 வினாடி வாய் திறக்காமல் கேட்டுப் பார்க்க வேண்டும். அந்த ஒரு நிமிடம் அந்த ஏபிக்குக் கீழே எந்த ஸ்கேனரும் ஓடாது.

சென்னையில் ரேடார் என்றதும் புயல் நேரத்தில் டிவியில் படம் வருமே, துறைமுகக் கட்டடத்து வானிலை ரேடார், அதுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஐடி பையனும் அதைத்தான் கேட்டார். அது எஸ்-பேண்ட், 3 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே. பள்ளிக்கரணையில் இருப்பது எக்ஸ்-பேண்ட், 9 கிகாஹெர்ட்ஸ் பக்கம். கப்பல்களின் ரேடாரும் இந்த இரண்டு பேண்டுகளில்தான். எதுவும் 5 கிகாஹெர்ட்ஸில் வந்து இடிக்காது. வேறு சாதனத்தின் துடிப்பை ஏபி ரேடார் என்று தப்பாக எடுத்துக்கொள்வதும் சகஜம். யாருடைய துடிப்பு என்று துப்பறிய நாங்கள் நேரம் செலவிடவில்லை. மேல்தளங்களில் மட்டும், ஜன்னல் ஓரத்தில் மட்டும் வருகிறது என்பதே முடிவெடுக்கப் போதுமாக இருந்தது.

இப்படிப் பதிவைப் பார்த்ததும் ரேடார் சேனல்களை மொத்தமாக நீக்கிவிடுவது எங்கள் தொழிலில் ஒரு பழக்கம். எனக்கு அது பிடிக்காது. கீழ்த்தளங்களிலும் குடோனிலும் ஒரு தடவைகூட அந்த வரி வரவில்லை. அங்கே அவற்றை நீக்கினால் பாதிக்கு மேற்பட்ட சேனல்களைக் காரணமில்லாமல் தூக்கிப் போட்ட மாதிரி ஆகும்.

2.4-ல் வெட்டிப் பேச்சு

2.4 கிகாஹெர்ட்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்ற மூன்றே. முப்பது ஏபியிலும் 2.4 எரிந்துகொண்டிருந்தது, அதில் ஐந்து எஸ்எஸ்ஐடி (போனில் தெரியும் வைஃபை பெயர்), அவற்றில் ஒன்று யாரும் பயன்படுத்தாத பழையது. ஒவ்வொரு எஸ்எஸ்ஐடிக்கும் 102.4 மில்லிவினாடிக்கு ஒருமுறை, நான் இங்கே இருக்கிறேன் என்று அறிவிக்கும் ஒரு பீக்கன் போகும். 300 பைட் பீக்கனை 1 எம்பிபிஎஸ் வேகத்தில் அனுப்பினால் 2.6 மில்லிவினாடி ஆகும், அதாவது நேரத்தில் இரண்டரை சதவீதம். ஐந்து எஸ்எஸ்ஐடிக்குப் பன்னிரண்டரை. ஒரே சேனலில் ஒன்றையொன்று கேட்கும் மூன்று ஏபி இருந்தால் ஒரு சீட்டுக்கூடப் போகாத நிலையிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காற்று தீர்ந்துவிட்டது. ஆட்டோ இதில் சேனலை மாற்றிக்கொண்டே இருக்கும், மாற்றி எங்கே போகும்?

செய்த மாற்றங்கள்

ஆட்டோவை அணைக்கவில்லை. கையால் பூட்டி வைத்தால் இன்றைக்குச் சரியாக இருக்கும், பக்கத்தில் ஒரு கடை திறந்ததும் போய்விடும், அதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கணக்கை ஓடவிடுவோம், அது எங்கிருந்து எங்கே வரை போகலாம், எப்போது ஓடலாம் என்பதை நாம் சொல்வோம் என்று முடிவு செய்தோம்.

முதல் வேலை ஏபிகளை இடம் மாற்றியது. இதற்கு எந்தத் திரையிலும் பட்டன் கிடையாது. நடுவெளி பீமில் இருந்தவற்றில் பலவற்றைப் பின்னால், பட்டுப் பிரிவின் கவுன்டர்களுக்கு நேர் மேலே கொண்டுபோனோம். கேபிள் இழுக்க ஃபால்ஸ் சீலிங்கைக் கழற்ற வேண்டியிருந்தது, அதற்கு முதலாளி முகம் சுளித்தார். ஆனால் அந்த ஒன்றிலேயே ஏபிக்கு ஏபி கேட்கும் சத்தம் 10 டிபிக்கு மேல் குறைந்தது, ஸ்கேனருக்குக் கேட்பது கூடியது. இதைச் செய்யாமல் மீதி எல்லாவற்றையும் செய்திருந்தால் பாதிப் பலன்கூடக் கிடைத்திருக்காது என்பது என் கணிப்பு.

அப்புறம் கட்டடத்தை மூன்று பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி அமைப்பு: நடுவெளி ஓரம், உள்பக்கம், குடோன். 5 கிகாஹெர்ட்ஸில் பவருக்குக் கீழ்வரம்பு 11 டிபிஎம், மேல்வரம்பு 17. ஸ்கேனரின் பவர் 15 என்பதால் மேல்வரம்பை அதன் பக்கத்திலேயே வைத்தோம். நடுவெளி ஓரத்தில் மட்டும் இலக்கு -70-லிருந்து -65 ஆயிற்று. கவரேஜ் ஓட்டைப் பகுதியை அணைக்கவில்லை. மேல்வரம்பு இருக்கும்போது அது எவ்வளவு பதறினாலும் 17-ஐத் தாண்டாது.

அகலம் எங்கும் 20 மெகாஹெர்ட்ஸ். மேல் இரண்டு தளங்களுக்கு 36 முதல் 48, 149 முதல் 165 என்று ஒன்பது சேனல். மற்ற இடங்களில் ரேடார் சேனல்களும் உண்டு. 169, 173 இந்தியாவில் அனுமதிக்கப்பட்டவைதான், ஆனால் பழைய ஸ்கேனர்களுக்கு அவை கண்ணிலேயே படாது, அதனால் பட்டியலில் சேர்க்கவில்லை. 2.4-ல் பாதிக்கு மேற்பட்ட ரேடியோக்களை அணைத்தோம், எஸ்எஸ்ஐடியை இரண்டாகக் குறைத்தோம், 12 எம்பிபிஎஸ்ஸுக்குக் கீழான வேகங்களை நீக்கினோம்.

மிச்சம் இருந்தது சேனல் கணக்கு ஓடும் நேரம். இதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம். நாளுக்கு ஒருமுறை போதும் என்பதில் எல்லோருக்கும் ஒப்புதல். எந்த மணிக்கு? அதிகாலை என்பதுதான் வழக்கமான பதில். ஏர்மேட்ச்கூட மாற்றாமல் விட்டால் அதிகாலை ஐந்து மணிக்குத்தான் புதிய திட்டத்தை அமல்படுத்தும். அலுவலகத்துக்கு அது சரி. தி. நகருக்குச் சரியில்லை. இரவு கடை மூடும்போது பக்கத்துக் கடைக்காரர்கள் மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டுத்தான் ஷட்டரைப் போடுவார்கள். அவர்களுடைய ஏபியும் சேர்ந்து அணைந்துவிடும். நள்ளிரவில் எடுத்த அண்டை ஏபிப் பட்டியலையும் நண்பகலில் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே தெருவில் எடுத்தவை என்று நம்ப முடியாது. அதிகாலையில் கணக்குப் போட்டால் ஆட்டோவுக்குத் தெருவே காலியாகத் தெரியும். மகிழ்ச்சியாக ஏதோ ஒரு சேனலில் போய் உட்காரும். பத்து மணிக்குப் பக்கத்துக் கடைக்காரர் ஸ்விட்சைப் போட்டதும் அதே சேனலில் அவர் வந்து நிற்பார். நாள் முழுக்க மோதல்.

அதனால் பகல் 11 மணி என்று வைத்தோம். தெருவில் எல்லாக் கடையும் திறந்திருக்கும், எங்கள் கடையில் கூட்டம் இன்னும் வந்திருக்காது. கடை நேரத்தில் சேனல் மாற்றுவதா என்று எங்களில் ஒருவர் கடைசி வரை ஒப்பவில்லை. மாற்றத்துக்கான உணர்திறனையும் குறைவு என்று வைத்தோம். 20 டிபி அளவுக்குத் தெளிவான லாபம் இருந்தால்தான் ஏபி நகரும். இரண்டையும் சேர்த்த பிறகு பெரும்பாலான நாட்களில் 11 மணிக்கு எதுவும் மாறவே இல்லை.

முதல் முறை மட்டும் எல்லாச் சேனலையும் புதிதாகப் பங்கிட ஆரம்ப நிலைக் கணக்கை ஓடவிட வேண்டியிருந்தது. 10 நிமிடத்துக்கு ஒன்றாகப் பத்துச் சுற்று, ஏறக்குறைய 100 நிமிடம். அதையும் பகலில்தான் செய்தோம், ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் புடவை எடுக்க வருகிறவர்கள் குறைவு என்று சூப்பர்வைசர்தான் நாளைச் சொன்னார்.

பிறகு

பட்டுப் பிரிவில் ஞாயிறு மாலை கவுன்டரைச் சுற்றிக் கூட்டம் நிற்கும்போது ஸ்கேனரில் -67 அளவில் சிக்னல் நின்றது. மாலையில் சேனல் மாறும் பதிவுகள் போய்விட்டன, ரேடார் வரியும் இல்லை. சூப்பர்வைசரைக் கேட்டதற்கு, "இப்ப ஸ்கேனர் நல்லாருக்கு சார், பில் பிரின்டர்தான் படுத்துது" என்றார். அது எங்கள் வேலையில் சேராது.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. குடோனில் சரக்கு லிஃப்ட்டின் பின்பக்க மூலையில் இன்னமும் இணைப்பு விடுகிறது. அங்கே ஒரு ஏபி கூடுதலாக வைப்பதைத் தவிர வழியில்லை, எந்தப் பவர் அமைப்பும் லிஃப்ட் கிணற்றின் கான்கிரீட்டைத் தாண்டாது. ஆடித் தள்ளுபடிக்கு ரேக்குகளை இடம் மாற்றினால் உள்பக்கப் பகுதியின் அளவீட்டைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று ஐடி பையனிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம், டிபிஎம்மில், லெவல் எண்ணில் இல்லை.

முதலாளி கடைசியாகக் கேட்டது வாடிக்கையாளருக்கு இலவச வைஃபை. கட்டடம் முழுக்க வேண்டாம் என்றோம். தரைத்தளத்தில் பைகளோடு ஆண்கள் காத்திருக்கும் நாற்காலி வரிசைக்கு மேலே மட்டும் இரண்டு ஏபி போட்டிருக்கிறோம். அவற்றில் ஸ்கேனர் எஸ்எஸ்ஐடி கிடையாது, சேனல் பட்டியலில் 52 முதல் 64 வரை மட்டும்.